டிவி இல்லாத அறையில் பிஎஸ்4: லேப்டாப் திரையில் படம் வரவைக்க ஒரு வழிகாட்டி

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு லேப்டாப். டிவி வைக்க இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு பிஎஸ்4 ஸ்லிம் (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோலில் ஒரு மாடல்) வாங்கி வந்து, இருக்கிற லேப்டாப்பையே திரையாக வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். ஒழுங்காக ஓட மூன்று வாரம் ஆயிற்று. வேலைக்கு ஆகாத கன்வெர்ட்டர், ஒரு மட்டமான கேப்சர் கார்டு (கன்சோலின் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கருவி) என்று 1,900 ரூபாய் வீணாய்ப் போனது. விஷயம் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே சாயங்காலத்தில் முடிந்திருக்கும், அதுவும் காசு செலவில்லாமல்.

நான் பிஎஸ்4-ஐ வைத்துத்தான் சொல்கிறேன். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே குறிப்பிடுகிறேன். எந்தக் கன்சோலாக இருந்தாலும், படம் எந்த வழியாக லேப்டாப்புக்குள் நுழையப்போகிறது என்று முடிவு செய்யும்வரை பர்ஸை வெளியே எடுக்காதீர்கள்.

1. எச்டிஎம்ஐ கேபிளை வாங்கிக்கொண்டு வராதீர்கள்

லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை, படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டும். புரொஜெக்டருக்கு அனுப்பும், மானிட்டருக்கு அனுப்பும். உள்ளே எதையும் வாங்காது. கன்சோலின் எச்டிஎம்ஐயும் அனுப்பும் ரகம்தான். இரண்டையும் கேபிளால் இணைத்தால் இரண்டு பேரும் பேசுவார்கள், கேட்க ஆள் இருக்காது. விண்டோஸ் பட்டனோடு 'பி'யை எத்தனை முறை அழுத்தினாலும் சரி, பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் எதைத் தேடினாலும் சரி, இது மாறாது. உள்ளே வாங்குவதற்கான சில்லு போர்டிலேயே கிடையாது. ஏலியன்வேர் எம்17எக்ஸ், எம்18எக்ஸ் வரிசையில் சில பழைய மாடல்களில் மட்டும் உள்ளே வாங்கும் எச்டிஎம்ஐ இருந்தது. உங்கள் லேப்டாப் அந்த வகையா என்ற சந்தேகமே வந்தால், அநேகமாக இல்லை.

யுஎஸ்பி-சி துளையும் இப்படித்தான். நான் போன கடையில், "தம்பி, இத ஒண்ணு போடுங்க, நேரா வந்துரும்" என்று எச்டிஎம்ஐயை யுஎஸ்பி-சி ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை 650 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அது லேப்டாப்பிலிருந்து டிவிக்குப் போகும் திசைக்கு மட்டும் செய்த பொருள். திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. கடையில் கேட்கும்போது "கேப்சர் கார்டு" என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள். "கன்வெர்ட்டர்" என்று கேட்டால் இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

2. ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிவி கடன் கேளுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இதுதான். என் மூன்று வாரத்தில் பாதி இதனால்தான் போனது. லேப்டாப்பில் படம் வரவேண்டுமானால் கன்சோலில் சில அமைப்புகளை மாற்ற வேண்டும். அவற்றை மாற்ற முதலில் கன்சோலின் திரையைப் பார்க்க வேண்டும். அதற்கு டிவி வேண்டும். அண்ணன் வீடு, நண்பன் வீடு, ஆபீஸ் மீட்டிங் அறை, எங்கே எச்டிஎம்ஐ உள்ள திரை இருந்தாலும் கன்சோலைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். வைஃபை இருக்கும் வீடாக இருந்தால் நல்லது; சிஸ்டம் அப்டேட் பெரியது, போன் டேட்டாவில் இறக்கினால் அன்றைய பேக் காலியாகிவிடும்.

டிவி முன்னால் உட்கார்ந்ததும் செய்ய வேண்டியவை:

முதலில் சிஸ்டம் அப்டேட். பழைய கன்சோல் என்றால் விற்றவரின் கணக்கு இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுவதும் அழித்து இனிஷியலைஸ் செய்து, உங்கள் பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கில் நுழையுங்கள். கணக்கு இலவசம், பிஎஸ் பிளஸ் சந்தா எதுவும் இதற்குத் தேவையில்லை.

அடுத்தது எச்டிசிபி. எச்டிஎம்ஐ வழியே போகும் படத்தை யாரும் பதிவு செய்துவிடக் கூடாது என்று போட்ட பூட்டு இது. பிஎஸ்4-இல் இது ஆன் ஆகவே வரும். அப்படியே விட்டால் கேப்சர் கார்டில் கறுப்புத் திரைதான். செட்டிங்ஸ், சிஸ்டம், அங்கே 'எனேபிள் எச்டிசிபி'யில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போக வேண்டும். இதை அணைத்தால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் கன்சோலில் ஓடாது; படம் பார்க்கத்தான் லேப்டாப் இருக்கிறதே. எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் இரண்டிலும் கேம் ஓடும்போது இந்தப் பூட்டு குறுக்கே வராது. பிஎஸ்3 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் எச்டிசிபியை அணைக்கவே முடியாது. எச்டிஎம்ஐயை விட்டுவிட்டு காம்பொனென்ட் கேபிள் வழியேதான் போக வேண்டும்.

பிறகு 'சவுண்ட் அண்ட் ஸ்கிரீன்' பகுதி. ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி அளவு) 'ஆட்டோமேட்டிக்'கில் விடாமல் 1080பி அல்லது 720பி என்று கையால் வைத்துவிடுங்கள். எச்டிஆர், டீப் கலர் என்ற நிற வசதிகள் இரண்டையும் அணையுங்கள். மலிவான கார்டுகள் இவற்றில் நிறத்தைச் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிவிடும். ஆடியோ ஃபார்மட் 'லீனியர் பிசிஎம்' ஆக இருக்கட்டும். பிட்ஸ்ட்ரீமில் இருந்தால் ஒலியே வராது, அல்லது இரைச்சல் மட்டும் வரும்.

கடைசியாக ரிமோட் பிளே, அதாவது கேம் படத்தை நெட்வொர்க் வழியே லேப்டாப்பில் காட்டும் வசதி. செட்டிங்ஸில் அதை ஆன் செய்து, இந்தக் கன்சோலை உங்கள் 'பிரைமரி பிஎஸ்4' ஆக்குங்கள். பவர் சேவ் செட்டிங்ஸில், ரெஸ்ட் மோடிலும் (கன்சோல் தூங்கும் நிலை) இன்டர்நெட் இணைப்பு இருக்கவும் நெட்வொர்க் வழியாகக் கன்சோலை எழுப்பவும் டிக் போடுங்கள். லாக்இன் செட்டிங்ஸில் தானாக உள்நுழையும் வசதியையும் ஆன் செய்யுங்கள். கரண்ட் போய் வந்தால் ரெஸ்ட் மோட் கலைந்துவிடும். கன்சோலின் பட்டனைக் கையால் அழுத்தித்தான் எழுப்ப வேண்டும். அப்போது திரை இல்லாமலே அது உங்கள் கணக்குக்குள் போய் நிற்க இந்த வசதி உதவும்.

இவ்வளவும் செய்ய எனக்கு, அப்டேட் நேரத்தைக் கழித்தால், 20 நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது வராமல் போனால், எது எப்படி இருந்தது என்று பார்க்க அது ஒன்றுதான் துணை.

3. முதலில் இலவச வழியை முயலுங்கள்: ரிமோட் பிளே

சோனியின் பிஎஸ் ரிமோட் பிளே ஆப் விண்டோஸுக்கும் மேக்குக்கும் இலவசம். லினக்ஸில் இருப்பவர்களுக்கு சியாகி என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. கன்சோல் தன் படத்தைச் சுருக்கி நெட்வொர்க் வழியே அனுப்பும், லேப்டாப் விரித்துக் காட்டும். பிஎஸ்4 ஸ்லிம், பழைய பிஎஸ்4 இரண்டிலும் அதிகபட்சம் 720பி. பிஎஸ்4 புரோ, பிஎஸ்5-இல் 1080பி. ஆப்பைத் திறந்து அதே கணக்கில் நுழைந்து, கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் மாட்டுங்கள். கன்சோலில் அல்ல, லேப்டாப்பில். கன்சோலைத் தானாகக் கண்டுபிடிக்காவிட்டால், கன்சோலின் ரிமோட் பிளே பக்கத்தில் 'ஆட் டிவைஸ்' போட்டு வரும் 8 இலக்க எண்ணை லேப்டாப்பில் அடிக்க வேண்டும். அதனால், முடிந்தால் டிவி இருக்கும் வீட்டிலேயே லேப்டாப்பையும் கொண்டுபோய் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேன்ஷன், ஹாஸ்டல் வைஃபையில் இது படுத்தும். காரணம் இரண்டு. அங்கே பெரும்பாலும் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். உள்ளே நுழைய ஒரு லாகின் பக்கம் வேறு வரும். அதைக் கன்சோலில் திறந்து அடிப்பது பெரும் பாடு. எனக்குக் கைகொடுத்தது ஒரு சாதாரண லேன் கேபிள், 150 ரூபாய். பிஎஸ்4-ஐயும் லேப்டாப்பையும் நேரடியாக அதனால் இணைத்தேன். லேப்டாப் வைஃபையில் இருக்கும். விண்டோஸில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் வைஃபையை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், ஷேரிங் தாவலில் இணைப்பைப் பகிர அனுமதித்து, ஈதர்நெட்டைத் தேர்வு செய்தேன். பிஎஸ்4-இல் லேன் கேபிள் என்று தேர்ந்தெடுத்ததும் 192.168.137 என்று தொடங்கும் முகவரி வந்தது. லாகின் பக்கத்தை லேப்டாப் பார்த்துக்கொண்டது. கேம் படம் காற்றில் போகாமல் கேபிள் வழியே வந்ததால் திக்கல் நின்றது. லேப்டாப்பில் லேன் துளை இல்லாவிட்டால் யுஎஸ்பி-லேன் அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும்.

வைஃபையில்தான் விளையாட வேண்டுமென்றால், 2013-இல் வந்த முதல் பிஎஸ்4-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஸ்லிமும் புரோவும்தான் 5 கிகாஹெர்ட்ஸை எடுக்கும். நெருக்கமான கட்டடங்களில் 2.4-ஐ நம்பிப் பயனில்லை.

எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ் எல்லாவற்றிலும் இதே வசதி உண்டு. செட்டிங்ஸ், டிவைசஸ் அண்ட் கனெக்‌ஷன்ஸ், ரிமோட் ஃபீச்சர்ஸ் என்று போய் ஆன் செய்தால் விண்டோஸில் எக்ஸ்பாக்ஸ் ஆப் வழியே வரும். ஸ்விட்சுக்கு இந்த வழியே இல்லை. அவர்கள் நேராக அடுத்த படிக்குப் போகலாம். ஸ்விட்ச் லைட் வைத்திருப்பவர்கள் அதற்கும் போக வேண்டாம். லைட்டிலிருந்து படம் வெளியே வராது, எந்தக் கருவி வாங்கினாலும்.

கிரிக்கெட், கதை சார்ந்த கேம்கள், நிதானமாக ஆடுபவை, இவற்றுக்கு ரிமோட் பிளே போதும். ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். திருப்தி இல்லை என்றால் மட்டும் கீழே படியுங்கள்.

4. கேப்சர் கார்டு வாங்கும்போது பெட்டியை நம்பாதீர்கள்

கேப்சர் கார்டு என்பது கன்சோலின் எச்டிஎம்ஐ படத்தை வாங்கி, ஒரு வெப்கேமரா மாதிரி லேப்டாப்புக்குக் கொடுக்கும் கருவி. விலையில் மூன்று அடுக்கு. 500 முதல் 1,000 ரூபாய்க்குள் பென்டிரைவ் அளவில் கிடைப்பவை யுஎஸ்பி 2.0 ரகம். 1,500 முதல் 3,000 வரை யுஎஸ்பி 3.0 ரகம். அதற்கு மேல் எல்காட்டோ, அவர்மீடியா போன்ற பிராண்டுகள், பத்தாயிரத்தைத் தாண்டும். அறையில் உட்கார்ந்து ஆடுவதற்கு மூன்றாவது அடுக்கு தேவையே இல்லை.

முதல் இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். 1080பி படத்தைச் சுருக்காமல் விநாடிக்கு 60 ஃபிரேம் அனுப்ப, சுமார் 2 ஜிகாபிட் வேண்டும். யுஎஸ்பி 2.0-இன் உச்சமே 480 மெகாபிட். அதனால் அந்தக் கருவி ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் படமாக நசுக்கி அனுப்பும். அப்படியும் 1080பியில் 30 ஃபிரேம்தான் வரும்; 720பியில் வைத்தால் 60 வரும். எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் கசங்கித் தெரியும்.

இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. பெட்டியில் யுஎஸ்பி 3.0 என்று பெரிதாகப் போட்டிருந்தது, பிளக்கின் உள்ளே நீல நிற பிளாஸ்டிக்கும் இருந்தது. 1,250 ரூபாய் கொடுத்தேன். அறைக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பிளக்குக்குள் பார்த்தால், முன்வரிசையில் 4 தகடுகள் மட்டும். நிஜமான யுஎஸ்பி 3.0 பிளக்கில் முன்னால் 4, அவற்றுக்குப் பின்னால் உள்ளடங்கி 5, மொத்தம் 9 தகடுகள் தெரியும். நீலம் வெறும் நிறம். கடையிலேயே போன் டார்ச்சை அடித்து எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே எண்ணுங்கள்.

பெட்டியில் '4கே' என்று எழுதியிருப்பதும் இதே கதை. கருவி 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம், கொடுக்கும் என்று அர்த்தமில்லை.

காகிதங்கள் பற்றி: சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் பில் கேட்டால் சில கடைகளில் வெறும் சீட்டில் விலையை எழுதித் தருவார்கள். மாடல் பெயர், தேதி, 'மாற்றித் தரப்படும்' என்பதற்கான நாள் கணக்கு, மூன்றும் பில்லில் இருக்கட்டும். என் முதல் கார்டுக்குச் சீட்டுதான் இருந்தது; மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். ஆன்லைன் என்றால் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், திருப்பி அனுப்பும் கடைசித் தேதியைக் காலண்டரில் குறியுங்கள், அதுவரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய கன்சோல் வாங்குபவர்கள் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கன்சோலில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

5. இணைப்பதும் ஓபிஎஸ் அமைப்பதும்

கன்சோலிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் கார்டுக்கு. கார்டு நேராக லேப்டாப் யுஎஸ்பிக்கு. நடுவில் ஹப் வைக்காதீர்கள். யுஎஸ்பி 3.0 கார்டு என்றால் லேப்டாப்பிலும் 3.0 துளையில் செருக வேண்டும். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். பேட்டரி சேவரில் படம் இழுக்கும். ஸ்விட்ச் என்றால் டாக்கில் வைத்து, டாக்கின் எச்டிஎம்ஐயிலிருந்து எடுங்கள். இந்த வழியில் கன்ட்ரோலர் எப்போதும்போல் கன்சோலோடுதான் இணைந்திருக்கும்.

கார்டு தரும் படத்தை லேப்டாப் திரையில் காட்ட ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருளை இறக்குங்கள், இலவசம். திறந்ததும் செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குப் போய் ஃபிரேம் எண்ணிக்கை 60 என்று இருக்கிறதா பாருங்கள். இங்கே 30 என்று இருந்தால் எவ்வளவு நல்ல கார்டும் 30தான் காட்டும். பிறகு 'சோர்சஸ்' கட்டத்தில் கூட்டல் குறியை அழுத்தி 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேருங்கள். பட்டியலில் 'யுஎஸ்பி வீடியோ' மாதிரி ஒரு பெயரில் கார்டு இருக்கும். லேப்டாப்பின் வெப்கேமரா முதலில் தேர்வாகி உங்கள் முகமே தெரிந்தால் பதற வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். ரெசல்யூஷனை 'கஸ்டம்' ஆக்கி, யுஎஸ்பி 2.0 கார்டு என்றால் 1280x720, 60 ஃபிரேம், வீடியோ ஃபார்மட் 'எம்ஜேபெக்' என்று வையுங்கள். பஃபரிங்கை 'டிஸேபிள்' ஆக்குங்கள். தாமதம் குறைவதில் இந்த ஒரு அமைப்புக்குப் பெரிய பங்கு.

720பி என்றதும் தயங்க வேண்டாம். மலிவு லேப்டாப்கள் பலவற்றின் திரையே 1366x768தான், என்னுடையதும் அப்படித்தான். அதில் 1080பி அனுப்பினாலும் சுருக்கித்தான் காட்டப்போகிறது. 60 ஃபிரேம் கிடைப்பதே லாபம்.

படம் வந்ததும் முன்னோட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபுல்ஸ்கிரீன் புரொஜெக்டர்' தேர்வு செய்தால் திரை முழுவதும் கேம். வெளியே வர எஸ்கேப். பதிவு செய்யவோ ஒளிபரப்பவோ எந்தப் பட்டனையும் தொட வேண்டியதில்லை. மேக்கில் குயிக்டைம் பிளேயரில் 'நியூ மூவி ரெக்கார்டிங்' திறந்து கார்டைத் தேர்ந்தெடுத்தாலே படம் தெரியும். விஎல்சியில் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் இயல்பாகவே 300 மில்லிவிநாடி தேக்கி வைத்துத்தான் காட்டும், ஆட உதவாது.

6. ஒலிக்குச் சுருக்கு வழி

ஓபிஎஸ்ஸில் படம் வரும், சத்தம் வராது. எல்லாரும் இங்கே நின்றுவிடுகிறார்கள். 'அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸ்' திறந்து, கார்டுக்கு நேரே 'மானிட்டர் ஒன்லி' என்று வைக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் செட்டிங்ஸ், ஆடியோவில் மானிட்டரிங் டிவைஸாக உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். மலிவு கார்டுகளில் அதிகம் இருக்கும் எம்எஸ்2109 சில்லு, 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று தவறாகச் சொல்லும். இடது வலது வித்தியாசம் காணாமல் போகும், குரல் கரகரக்கும்.

இதோடு மல்லுக்கட்டாமல் நான் எடுத்த வழி: பிஎஸ்4 கன்ட்ரோலரின் அடியில் இருக்கும் இயர்போன் துளை. இயர்போனைச் செருகி, செட்டிங்ஸ், டிவைசஸ், ஆடியோ டிவைசஸில் 'ஆல் ஆடியோ' என்று வைத்தால் முழு ஒலியும் காதுக்கு வந்துவிடும். தாமதம் தெரியவில்லை, கரகரப்பு இல்லை, பக்கத்து அறைக்காரருக்கும் தொல்லை இல்லை.

7. தாமதத்தை அளந்து பாருங்கள்

பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி, கேப்சர் கார்டில் கட்டாயம் கூடும். எவ்வளவு என்று ஊகிக்காமல் அளக்கலாம். போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருந்தால், கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுத்து, அழுத்தியதிலிருந்து பாத்திரம் குதிக்கும்வரை ஃபிரேம்களை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 4 மில்லிவிநாடி. அண்ணன் வீட்டு டிவியில் எனக்கு 24 ஃபிரேம் வந்தது. லேப்டாப்பில் 1080பி 30-இல் 50, 720பி 60-இல் 40. அதாவது டிவியைவிட சுமார் 100 மில்லிவிநாடி அதிகமாக இருந்தது, அமைப்பை மாற்றியதும் 65 பக்கம் இறங்கியது. கால்பந்து, கார் பந்தயம் பழகிவிடும். சண்டை கேம்களும் ஆன்லைன் சுடும் கேம்களும் இதில் ஆடாதீர்கள்; தோற்பது உங்கள் கையால் அல்ல என்று தெரிந்தாலும் எரிச்சல் குறையாது.

8. கறுப்புத் திரை வந்தால்

இந்த வரிசையில் பாருங்கள். கன்சோலின் விளக்கு வெள்ளையாக எரிகிறதா. ஆரஞ்சு என்றால் ரெஸ்ட் மோடில் இருக்கிறது. கார்டை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றுங்கள். விண்டோஸின் பிரைவசி பகுதியில் கேமரா, மைக்ரோஃபோன் இரண்டுக்கும் டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா பாருங்கள்; கார்டை விண்டோஸ் ஒரு கேமராவாகத்தான் பார்க்கிறது. பிரவுசரில் வீடியோ அழைப்பு எதாவது திறந்திருந்து கார்டைப் பிடித்து வைத்திருந்தால் மூடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் பிஎஸ்4 முகப்பே வராமல் கறுப்பாக நின்றால், எச்டிசிபி இன்னும் ஆன் ஆக இருக்கலாம்.

ரெசல்யூஷனை மாற்றி எதுவுமே தெரியாமல் போனால், கன்சோலை முழுவதும் அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது 'பீப்' கேட்கும்வரை, சுமார் 7 விநாடி, அழுத்திப் பிடியுங்கள். சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை யுஎஸ்பியில் மாட்டி 'சேஞ்ச் ரெசல்யூஷன்' தேர்வு செய்யலாம்.

9. பணம் செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால்

யுஎஸ்பி 3.0 கார்டுக்கு 2,500 கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், இன்னும் ஆயிரம் இரண்டாயிரம் சேர்த்து ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய மானிட்டரை விசாரியுங்கள். 3,000 முதல் 5,000-க்குள் 20 அங்குலம் பக்கம் கிடைக்கும். பின்னால் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விஜிஏ மட்டும் இருந்தால் தனியாகக் கன்வெர்ட்டர் வேண்டும். ஸ்பீக்கர் இருக்காது, கன்ட்ரோலர் இயர்போன் போதும். தாமதக் கவலை பெரிதாக இருக்காது.

போர்டு செத்துப்போன பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் கிடந்தால் இன்னொரு வழி. அதன் திரையைக் கழற்றி, பின்புறம் ஒட்டியிருக்கும் பேனல் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனால், அந்த எண்ணுக்குப் பொருந்தும் எச்டிஎம்ஐ கன்ட்ரோலர் போர்டு கேட்கலாம். நான் விசாரித்தபோது 1,800 முதல் 2,500 வரை சொன்னார்கள். 12 வோல்ட் அடாப்டர் தனி. திரையின் அங்குலத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே 15.6 அங்குலத்தில் 40 பின் எல்விடிஎஸ், 30 பின் இடிபி என்று இரண்டு இணைப்பு வகைகளும் உண்டு. ஒன்றின் போர்டு மற்றதற்கு ஆகாது. பேனலையே கையில் எடுத்துப்போய், கடையில் மாட்டி, படம் வந்த பிறகு காசு கொடுங்கள்.